மேலண்ணம்

கூரையில் கொக்கிகளை எங்கே அடிக்கலாம் என்று பார்த்துச் சொல்லத்தான் கணவரைச் சிற்பத் துறை ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லியிருந்தாள் பல்லக்கா. அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்து நான்கு வருடமாகக் கனமான பொருட்களை உயரத்தில் தொங்கவிடுவதுதான் பிழைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி தயங்கியவர், தரையெங்கும் கிடந்த பிளாஸ்டர் தூளைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே வந்தார். அண்ணாந்து உத்தரங்களைப் பார்த்தார். ஒரு நீளக் குழாயை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். "இது தாங்கும். அது சும்மா பேருக்குத்தான் நிக்குது," என்றார். பிறகு அளவு குறிக்கக் காகிதம் தேடி அவளுடைய மேசைப் பக்கம் திரும்பினார்.

மேசையில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டரில் செய்த மாதிரி உருவம் ஒன்று மல்லாந்து கிடந்தது. ஒடுக்கமாக, ஆழமாக, சின்னப் படகு போன்ற குழிவு. முன்பக்கத்தில் மணல்மேல் காற்று போட்ட கோடுகள் மாதிரி ஏழெட்டு வரிகள். நடுவில் நேராகப் போகவேண்டிய கோடு பாதி வழியில் இடப்பக்கம் விலகி, தழும்பாகத் தடித்து, ஒரு குண்டூசித் தலையளவு குழியில் போய் நின்றது. அவர் பெருவிரலை அந்தக் கோட்டின்மேல் மெதுவாக ஓட்டினார். விரல் ஓடும்போதே அவருடைய கன்னம் லேசாக அசைந்ததைப் பல்லக்கா பார்த்தாள். உள்ளே நாக்கும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. விரல் குழியில் போய் நின்றது.

"இது நான்," என்றார்.

அவளுக்கு அந்த நேரத்திலும் பெருமைதான் முந்திக்கொண்டது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க! நீங்களேதான். நிஜ வாயைவிட எண்பது மடங்கு பெருசாக்கறேன். பதிமூணடி நீளம். சுவரோரம் சாச்சி வெச்சிருக்கேன் பாருங்க, அந்தப் பலகையெல்லாம் இதோட எலும்பு. ஆள் உள்ள போய் நின்னு அண்ணாந்து பாக்கலாம். கொக்கி இதுக்குத்தான்."

அவர் காகிதத்தில் நான்கு புள்ளி வைத்து அளவு எழுதி, மேசையில் அதை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். கொக்கிக்குச் சொன்ன அதே குரலில், "என் வாயைத் தெறந்து ஊருக்கெல்லாம் காட்டப் போறியா?" என்றார். அவள் பதில் தேடுவதற்குள், "இது வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுடைய முதுகலை இறுதித் தேர்வுக்கு இன்னும் இருபத்து இரண்டு நாள் இருந்தது.

பல்லக்கா என்பது முதுகலை முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு பல் ஆய்வகத்தின் பின்னறையில் பத்தொன்பது வருடம் செயற்கைப் பல் செய்தவள். மாலைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து ஓவியப் பட்டம் வாங்கி, நாற்பத்து மூன்றாவது வயதில் நுழைவு நேர்முகத்துக்கு வந்தபோது, மற்றவர்கள் கட்டுக் கட்டாகப் படங்களைக் கொண்டுவந்திருக்க, இவள் ஒரு தையல் பெட்டியைத் திறந்து மெழுகில் செதுக்கிய முப்பத்திரண்டு பற்களை மேசையில் வரிசையாக அடுக்கினாள். இடம் கிடைத்தது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அவள் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட. அதற்காக அவள் ஒருநாளும் கூசியதில்லை. "பிளாஸ்டர் கலக்கறதுல இவங்களுக்கெல்லாம் நான்தான் அப்பன்," என்று வீட்டில் சொல்வாள். உண்மையும் அதுதான். பக்கத்துத் தடுப்பில் வேலை செய்யும் பெண், கம்பியையே வளைத்துக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் கம்பி, முதல் மாதமே "அக்கா, இது கெட்டியாயிடுச்சு", "அக்கா, இது கெட்டியாகவே மாட்டேங்குது" என்று மாற்றி மாற்றி வந்து நின்றாள்.

வழிகாட்டி மேடத்துக்கு மட்டும் அந்தக் கைத்திறமைமீது ஒரு சந்தேகம் இருந்தது. "உங்க வேலை ரொம்பச் சுத்தமா இருக்கு," என்று முதல் விமரிசனக் கூட்டத்தில் குறை போலச் சொன்னார்.

"அழுக்கா வேலை செஞ்சா ஈறுல குத்தும் மேடம்," என்றாள் பல்லக்கா. அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் மதிப்பெண் என்னவோ சுமார்தான் வந்தது.

ஒன்றரை வருடம் அவள் எதையெதையோ செய்துபார்த்தாள். பிறகு ஒருநாள், வீட்டுப் பரணில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டர் அச்சை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் மேல்வாய் அச்சு. "இது ஒருத்தரோட அண்ணம் மேடம். வாயோட கூரை. பொறக்கும்போதே பிளந்திருந்து, தைச்சது. ஒவ்வொருத்தரும் சாகற வரைக்கும் இதுக்குக் கீழதான் பேசறோம், இதைப் பாத்தவங்க யாரும் இல்ல," என்று சொன்னபோது மேடம் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தத் தழும்புக் கோடு இருக்கே, இதுதான் வேலை," என்றார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

அந்த அச்சு அவள் கைக்கு வந்தது இருபது வருடத்துக்கு முன்னால். பல் டாக்டர் முன்னறையில் எடுத்தனுப்பும் அச்சுகள் பின்னறைக்கு வெறும் எண்ணோடு வரும். இந்த எண் வந்தபோது அவள் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். தையல் போட்டவர் யாரோ நல்ல கைக்காரர். இருந்தும் ஒரு பொத்தல் மிச்சம் இருந்தது. அதை அடைத்து, விடுபட்ட ஒரு பல்லையும் சேர்த்து, தகடு ஒன்று செய்தாள். சரியாக உட்காரவில்லை என்று ஆள் திரும்பி வந்ததால் டாக்டர் அவளையே முன்னறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் ஒல்லியாக ஒரு இளைஞன். அவன் முகத்தைப் பார்ப்பதற்குப் பதினொரு நாள் முன்பே அவன் வாய் அவளுக்கு மனப்பாடம். தகட்டை ராவி ராவி நான்காவது முறை பொருத்தியதும், "ஏதாவது பேசிப் பாருங்க," என்றாள். "என்ன பேசறது," என்றான் அவன். 'பேச' என்ற சொல்லில் பகரம் மூக்குக்குப் போகாமல் உதட்டில் வெடித்து விழுந்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். அந்தத் திடுக்கிட்ட முகத்தைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆகவே அந்தக் கோடு அவளுக்கு அழகு. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எதை வைத்து நினைத்தாள்? பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டாள். இருபது வருடத்தில் தொலைபேசியை அவர் எடுத்து அவள் பார்த்ததில்லை. மணி அடித்தால் அவளிடம் நீட்டுவார். மகளின் பள்ளிக் கூட்டங்களில் தலையாட்டிவிட்டு வருவார். இதெல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும், இது அவளுடைய அச்சு, அவள் கையால் ராவிய தகடு, அதனால் அது அவளுடையது என்று எங்கேயோ நினைத்துவிட்டாள். கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. தப்பு நம்முடையது என்று தெரிந்தால் பல்லக்கா அதை ஆறப்போடுகிறவள் இல்லை. பின்னறையில் தப்பாக வார்த்த பல்லை உடைத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை வைத்துப் பழகியவள்.

மறுநாள் காலை வழிகாட்டியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "மூணு வாரம்தான் இருக்கு. அவர்கிட்ட நல்லபடியா பேசிப் பாருங்களேன். யாரோடதுன்னு எங்கேயும் எழுதப் போறதில்ல. பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்குத் தெரியும் மேடம்."

"அந்தக் கோடு இல்லன்னா இந்த வேலைல என்ன மிச்சம்?"

"வேற வாய்."

"யாருது?"

"என்னுது."

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க வாய்ல அப்படி என்ன இருக்கு?"

"என் வாய்ல இல்லாததா மேடம்? எங்க வீட்ல கேட்டுப் பாருங்க," என்றாள். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் இதைப் பாத்தவர் இல்ல. பழசு தெரியாது. அது ஒண்ணுதான் உங்களுக்குச் சாதகம்," என்றார்.

தன் வாயைத் தானே அச்செடுக்க முடியாது என்றில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று எடுத்தால் கை நடுங்கும், பின்பக்கம் சரியாக விழாது. பழைய டாக்டரிடம் போகலாம். பல்லக்கா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கிண்ணம், பொடி, தண்ணீர், இரும்பு ட்ரே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, அதைப் பிரிச்சுப் போட்டுட்டேன். கேக்காம செஞ்சது தப்புதான். இப்ப என் வாயை எடுக்கணும். பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

அவர் செய்தித்தாளை மடித்தார். நான்காக மடித்தார். "நான் என்ன டாக்டரா?"

"ரெண்டு டன் லிஃப்டை அந்தரத்துல நிறுத்தறவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? வெச்சு, அழுத்தி, அசைக்காம மூணு நிமிஷம். அவ்வளவுதான். நீங்க பேசலாம், நான்தான் பேச முடியாது."

"மூணு நிமிஷமா? நீயா?" என்றார். மகள் உள்ளறையிலிருந்து களுக்கென்று சிரித்தாள்.

பொடியை அவளே கலக்கினாள். இளஞ்சிவப்பாக, பற்பசை வாசனையோடு குழைந்து வந்ததை ட்ரேயில் நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவர் ட்ரேயை உள்ளே செலுத்தி மேலே அழுத்தினார். அவள் பயந்ததுபோல் இல்லை. கை திருகாணி முடுக்குவதுபோல ஒரே சீராக ஏறி, போதும் என்ற இடத்தில் நின்றது. குளிர்ந்த பசை அண்ணம் முழுக்கப் பரவியது. அவள் தலையை முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விட்டாள். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் பாதி போனபோது அவர் பேச ஆரம்பித்தார். அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவளுடைய நெற்றிக்கு மேலே இருந்த சன்னலைப் பார்த்துப் பேசினார்.

"பள்ளிக்கூடத்துல வரிசையா எழுந்து பாடம் படிக்கச் சொல்வாங்க. ஆளுக்கு ஒரு பத்தி. எனக்கு முன்னாடி இருக்கறவன் முடிச்சதும் நான் எழுந்திரிப்பேன். வாத்தியார், 'நீ உக்காருப்பா, அடுத்த ஆளு'ம்பார். திட்ட மாட்டார். நல்ல மனுஷன். எனக்குக் கஷ்டம் வேண்டாம்னு நெனச்சிருப்பார். பத்து வருஷம் ஒரு பத்திகூட நான் படிச்சதில்ல. வீட்ல ராத்திரி படிச்சுப் பாத்துட்டுப் போவேன், நாளைக்கு எனக்கு எந்தப் பத்தி வரும்னு எண்ணி வெச்சுக்குவேன். கேலி பண்ணவனுங்க மூஞ்சியெல்லாம் மறந்து போச்சு. அந்த வாத்தியார் மூஞ்சி மட்டும் போகல."

நொடிமுள் மூன்று சுற்றையும் தாண்டிப் போனது. பசை கெட்டியாகிவிட்டதை அவள் நாக்கு அறிந்தது. அவர் கையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவள் தட்டவில்லை. மோவாயில் எச்சில் வழிந்தது. அவர் மறு கையால் துண்டை எடுத்து அதைத் துடைத்துவிட்டார். பேச்சை நிறுத்தாமலே துடைத்தார்.

"நீ கேட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அது வேற. ஆனா நீ கேட்டிருக்கணும். அவர் மாதிரி நீயே முடிவு பண்ணிட்டே. அவர் உக்காருன்னார். நீ எந்திரின்னுட்டே. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் தலையாட்ட முயன்றாள். "அசையாத," என்றார்.

அதற்குப் பிறகும் பேசினார். முதல்முதலாக லிஃப்ட் கூண்டின் மேல் நின்று இருட்டில் மேலே ஏறியதைப் பற்றி, அந்தப் பள்ளத்துக்குள் யாரும் இல்லாதபோது சத்தமாகப் பேசிப் பார்த்ததைப் பற்றி. மூன்று நிமிடம் என்றது பதினொன்று ஆனது. கடைசியில் ட்ரே வர மறுத்தது. அவர் பயந்துபோய் விரலை வைத்து நெம்பி, ஒரு பெரிய சத்தத்தோடு அது கழன்று வந்தபோது இருவரும் பின்னால் சாய்ந்துவிட்டார்கள். பல்லக்கா அச்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கடைவாய் வரைக்கும் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விழுந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் முன்னறையிலிருந்து இவ்வளவு சுத்தமான அச்சு வந்ததில்லை.

"எப்படி?" என்றார் அவர்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் தோத்துப் போவார்," என்றாள். வேறு ஏதோ சொல்ல நினைத்தாள். பதினொரு நிமிடம் சும்மா இருந்த வாய்க்கு அதற்குள் என்ன சொல்வது என்று மறந்துபோயிருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் வேலை பறந்தது. அச்சில் பிளாஸ்டர் வார்த்து, கெட்டியானதும் மெல்லிய ரம்பத்தால் ரொட்டி வெட்டுவதுபோல் இருபது துண்டாக அறுத்தாள். ஒவ்வொரு துண்டின் வளைவையும் கட்டக் காகிதத்தில் வரைந்து, எண்பது மடங்காகப் பலகையில் ஏற்றினாள். புதுப் பலகை வரக் காத்திருக்க நேரமில்லை. கணவரின் வளைவு வெட்டிய பலகைகளைத் தலைகீழாகத் திருப்பினால் மறு விளிம்பு வெட்டாமல் நேராக இருந்தது. அந்த விளிம்பில் தன் வளைவை வெட்டினாள். அவளுடைய அண்ணம் அகலம், ஆழம் குறைவு. கம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு," என்றாள். அவளே தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு நாள் வந்து விலாப் பலகைகளுக்கு மேல் வலையை இழுத்துக் கட்டினாள். சணலை பிளாஸ்டரில் முக்கி அப்புவது, காயவிடுவது, மறுபடி அப்புவது. உள்பக்கத்து வரிகளைப் பல்லக்கா யாரிடமும் விடவில்லை. கீழே மல்லாந்து படுத்து, மெழுகு செதுக்கும் அதே சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக எழுப்பினாள். பிளாஸ்டர் தூள் கண்ணில் விழுந்தது. இடப்பக்கம் மூன்றாவது வரி இரண்டாகப் பிரிகிறது என்று நாற்பத்தைந்து வயதில்தான் அவளுக்குத் தெரியவந்தது. கத்தியை நிறுத்திவிட்டு அதை நாக்கால் தேடினாள். இருந்தது.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை கணவர் பளு தூக்கும் செயின் பிளாக்கோடு வந்தார். கூடவே வேலை செய்யும் இரண்டு பேரையும் கூட்டிவந்திருந்தார். நான்கு கொக்கியிலும் சங்கிலி மாட்டி, அரை அடி அரை அடியாகக் கூரை மேலேறியது. பாதி உயரத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏணி போட்டு மேலே ஏறி, முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு கவிழ்த்த தோணியின் எலும்புக்கூடு. பிளாஸ்டர் உள்பக்கம் மட்டும்தான். மேலே பலகை பலகையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பிலும், வானத்தைப் பார்த்தபடி, ஒடுக்கமாக ஆழமாக இன்னொரு வளைவு.

அது அவருடைய வளைவு என்பது பல்லக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை. கீழேயிருந்து, "ஏங்க," என்றாள். "வேற பலகை இல்லன்னு திருப்பிப் போட்டு வெட்டினேன். வேணும்னே விடல. இப்பவே ரம்பத்தை எடுத்து நேரா அறுத்துடறேன். ஒரு மணி நேர வேலை."

அவர் முதல் பலகையின் வளைவில் கையை வைத்தார். இரண்டாவதில் வைத்தார். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள்.

"கேட்டியே," என்றார் மேலேயிருந்து. மூன்றாவது பலகையையும் தடவிவிட்டு, "அறுத்தா பலம் போயிடும். இருக்கட்டும். மேல எவன் ஏறிப் பாக்கப் போறான்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். "தூக்குங்கப்பா."

வெளித் தேர்வாளர் குச்சி ஊன்றி நடக்கும் ஒரு பெரிய சிற்பி. கண்டிப்புக்குப் பேர்போனவர். கூரைக்குக் கீழே போய், குச்சியைத் தரையில் வைத்துவிட்டு, தானும் படுத்துவிட்டார். வழிகாட்டி மேடமும் பல்லக்காவும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் படுத்தபடியே கேட்டார். "ஏன் உங்க வாயையே எடுத்தீங்க?"

தயாரித்து வைத்திருந்த மூன்று பக்க விளக்கவுரை அவள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. "இது ஒண்ணைத்தான் சார் யாரையும் கேக்காம நான் எடுத்துக்கலாம்."

அவர் குச்சியைத் தேடி எடுத்தார். எழுந்திருக்கக் கை நீட்டினார். பல்லக்கா தூக்கிவிட்டாள். பின்னால் வந்த பட்டியலில் அவளுக்கு முதலிடம் இல்லை, மூன்றாவது இடம். அதைப் பற்றி அவளிடம் கேட்டவர்களுக்கு, "மூணாவதுன்னா மூணாவது, கூரை என்னுது," என்றாள்.

கண்காட்சி திறந்த மாலை கூட்டம் அதிகம் இல்லை. மகள் தன் தோழிகளுக்குக் கீழே நின்று எல்லாம் தெரிந்தவள்போல் விளக்கிக்கொண்டிருந்தாள். கணவர் வேலையிலிருந்து நேராகச் சீருடையோடு வந்து, கூரையைப் பார்ப்பதற்கு முன் நான்கு கொக்கியையும் ஒருமுறை பார்த்தார். தொப்பி போட்ட யாரோ ஒருவர், இதை எப்படித் தூக்கினார்கள் என்று அவரிடம் கேட்டார். பல்லக்கா வழக்கம்போல் பதில் சொல்ல அரை அடி முன்னால் வைத்தாள். பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார். "நாலு பாயிண்ட்டுங்க," என்று ஆரம்பித்தார்.

அப்போது ஒரு பெண் தோளில் கைக்குழந்தையோடு கூரைக்குக் கீழே வந்தாள். குழந்தைக்குப் பசியோ தூக்கமோ, வீறிட்டு அழுதது. அந்த அழுகை மேலே போய், வரிகளில் பட்டு உருண்டு, அழுத குரலைவிடக் கனமாகக் கீழே இறங்கியது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள். குழந்தையும் நிறுத்தியது. யார் அது என்று கேட்பதுபோல் மேலே பார்த்தது. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. இன்னும் ஒரு பல்கூட வராத ஈறு, அதற்குப் பின்னால், நனைந்து பளபளக்கும் இளஞ்சிவப்புக் குழிவு. பல்லக்கா குனிந்து பார்த்தாள். குழந்தை அடுத்த சத்தத்துக்காக மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.